டி42: இரண்டு விரல், இரண்டு மோட்டார், கொஞ்சம் ரப்பர்

யேல் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஹேண்ட் வரிசையில் வந்த டி42 (T42) என்ற ரோபோ கையைப் பற்றியது இந்த மதிப்புரை. இதை விற்பதற்குக் கடை கிடையாது. வடிவமைப்புக் கோப்புகளை அந்த ஆராய்ச்சிக்கூடமே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. அவற்றை இறக்கி, பாகங்களை 3டி பிரின்டரில் அடித்து, மூட்டுகளுக்கு ரப்பர் ஊற்றி, மோட்டார் வாங்கி மாட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். அதனால் பொருள் எப்படி இருக்கிறது என்பதோடு, செய்வதற்கு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் டூல் ரூம் வேலை பார்த்தவன். ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலை நடக்கும் பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் சாதனம்), டை என்று பாதி ஆயுசு போனது. இப்போது ஒரு பொறியியல் கல்லூரியின் பட்டறைப் பொறுப்பில் இருக்கிறேன். கடைசி வருடப் பிள்ளைகள் இந்தக் கையை ப்ராஜெக்ட்டாக எடுத்தார்கள், நான் பட்டறைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். புரோகிராம் எழுதுவது அவர்கள் பாடு. மெக்கானிசம் பற்றிப் பேசத்தான் எனக்குத் தகுதி, ஆனால் இந்தக் கையில் இருப்பதே முக்கால்வாசி மெக்கானிசம்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைப் பிடிப்பதில் இது கெட்டிக்காரக் கை. பிடித்த பொருள் சரியாக எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்லாது. ஃபிக்ஸ்சர் செய்கிறவனுக்கு இவை இரண்டும் இரண்டு வேலை. ரோபோ விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். டி42 குழப்பவில்லை, ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு சுத்தமாகச் செய்கிறது. எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

யார் செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரன் டாலர் என்கிற ஆராய்ச்சியாளர். ஹார்வர்டில் ராபர்ட் ஹவ் என்பவரோடு சேர்ந்து எஸ்டிஎம் கை என்று ஒன்றைச் செய்தார்: நான்கு விரல், எட்டு மூட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மோட்டார். அப்புறம் யேலுக்குப் போய் அங்கே சொந்த ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். ரேமண்ட் மா, லேல் ஓட்னர் ஆகியோரோடு சேர்ந்து 2013-ல் ஐசிஆர்ஏ என்ற சர்வதேச ரோபோ மாநாட்டில் ஓப்பன்ஹேண்டை அறிமுகப்படுத்தினார். முதலில் வந்தது மாடல் டி, பழைய எஸ்டிஎம் கையின் வாரிசு. நாங்கள் செய்த டி42 அதற்கு அடுத்த தலைமுறை.

எட்டு மூட்டுக்கு ஒரே மோட்டாரா என்று தோன்றலாம். மாடல் டி-யில் மோட்டாரின் இழுப்பு மிதக்கும் கப்பிகள் வழியாக நான்கு விரலுக்கும் பிரிகிறது. நுகத்தடியில் ஒரு மாடு பின்தங்கினால் தடி சாய்ந்துகொடுக்கும், இழுப்பு இரண்டு கழுத்திலும் இருக்கும் அல்லவா, அதே சங்கதி. ஒரு விரல் பொருளைத் தொட்டு நின்றுவிட்டால் மற்ற விரல்கள் தம் பாட்டுக்கு மடங்கிக்கொண்டே போகும். எல்லாம் தொட்ட பிறகுதான் பிடி இறுகும்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருந்தது. 1980-களில் யூட்டா பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து ஒரு கை செய்தார்கள். 4 விரல், 16 மூட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் முன்னே இழுக்க ஒன்று பின்னே இழுக்க ஒன்று என்று 32 நரம்பு (இழுகயிறு), அத்தனையையும் காற்றழுத்த சிலிண்டர்கள் இழுக்கும். படத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். மனிதக் கை அளவுக்கு மூட்டு வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. அதே காலத்துக்குச் சற்று முன்பு, 1978-ல், ஜப்பானில் ஷிகியோ ஹிரோசேயும் உமேதானியும் ஒரு மென்பிடியைக் காட்டினார்கள். பாம்பு மாதிரி பல கண்ணிகள், கண்ணிக்குக் கண்ணி கப்பி, ஊடே ஓடும் கம்பி. கம்பியை இழுத்தால் எந்த வடிவத்தையும் சுற்றிக்கொண்டு சீரான அழுத்தத்தோடு பிடிக்கும். டாலரின் கை இந்த இரண்டாவது பரம்பரையைச் சேர்ந்தது. மோட்டாரைக் குறைத்துவிட்டு, மூட்டைத் தன் போக்கில் விட்டுவிடுவது.

டி42-ல் இரண்டு விரல், ஒவ்வொன்றிலும் இரண்டு மூட்டு, விரலுக்கு ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து புறப்படும் நரம்பு அடிமூட்டைத் தாண்டி, நுனிமூட்டையும் தாண்டி, நுனிக் கண்ணியில் கட்டப்பட்டிருக்கிறது. திரும்பி விரிவதற்கு மோட்டார் கிடையாது, மூட்டில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான் விரித்துவிடும். நுனிமூட்டு அடிமூட்டைவிட விறைப்பாக இருக்க வேண்டும், சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. நரம்பை இழுத்தவுடன் இளக்கமான அடிமூட்டு முதலில் மடங்கும், விரல் ஏறக்குறைய நேராகவே உள்ளே வரும். அடிக்கண்ணி எதன்மேலாவது மோதி நின்றதும், இழுப்பு முழுக்க நுனிமூட்டுக்குப் போய், அது சுருண்டு பொருளை அணைக்கும். எதிலும் மோதவில்லையென்றால் இரண்டு விரல் நுனிகளும் சந்தித்துக் கிள்ளும். பெரிய பொருளா, சின்னப் பொருளா என்று எந்த புரோகிராமும் தீர்மானிக்கவில்லை. மூட்டின் விறைப்பும் நரம்பு மூட்டைத் தாண்டும் ஆரமும் தீர்மானித்துவிட்டன.

முதல் தடவை ஒரு எவர்சில்வர் செம்பை நடுவில் வைத்து மோட்டாரை ஓட விட்டபோது, கழுத்துப் பக்கத்தில் இருந்த விரல் ஒரு மாதிரி வளைந்தது, சற்றே திரும்பியிருந்த இன்னொரு விரல் வேறு மாதிரி வளைந்தது. இரண்டுக்கும் போன கட்டளை ஒன்றே. "சார், நான் ஒண்ணுமே எழுதல, க்ளோஸ்னு மட்டும்தான் சொன்னேன்" என்றாள் புரோகிராம் எழுதிய பெண். அவளுக்குச் சின்ன ஏமாற்றம்கூட. தான் எழுதிய கேமரா கணக்கெல்லாம் வீணாகிவிட்டதோ என்று.

டூல் ரூம் கண்ணால் இதைப் பார்த்தால் இன்னொன்று புரியும். ஒரு தட்டையான பொருளை உராய்வை நம்பாமல், எந்தப் பக்கமும் அசையாதபடி அடைக்கக் குறைந்தது 4 தொடுபுள்ளி வேண்டும். முழு முப்பரிமாணப் பொருளுக்கு 7. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரூலோ, சோமோவ் போன்ற இயந்திரவியல் அறிஞர்கள் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போன விஷயம் இது. டி42 ஒரு பாட்டிலை அணைத்துப் பிடிக்கும்போது அடிக்கண்ணி இரண்டு, நுனிக்கண்ணி இரண்டு, உள்ளங்கை ஒன்று என்று 5 இடத்தில் தொடுகிறது. கையின் தளத்துக்குள் பாட்டில் எங்கும் ஓட முடியாது. விரல் நுனிகளால் கிள்ளும்போது தொடுவது 2 இடம்தான், மீதிக்கு உராய்வையும் ரப்பரின் மென்மையையும் நம்ப வேண்டும். இரண்டு பிடிக்கும் உள்ள நம்பகத்தன்மை வித்தியாசம் எங்கள் சோதனையில் அப்படியே தெரிந்தது.

செய்த கதைக்கு வருகிறேன். மோட்டார் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று பிளாஸ்டிக் வேலையில் தொடங்கினோம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அடிக்கிற சாதாரண பிரின்டர் போதும். அடிக்கும் திசையில் மட்டும் கவனம் வேண்டும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகிற திசையிலேயே நரம்பின் இழுப்பும் விழுந்தால் அடுக்கு பிரிந்து விரல் இரண்டாகிவிடும். வார்ப்பு வேலை பார்க்கிறவர்கள், மர வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ரப்பர் மூட்டு செய்கிற முறை அழகானது. விரலின் இரண்டு கண்ணிகளையும் ஒரே துண்டாகவே அடிக்கிறோம். மூட்டு வரவேண்டிய இடத்தில் மெல்லிய சுவர் வைத்த ஒரு குழி இருக்கும். அந்தச் சுவரே அச்சு. குழிக்குள் யூரித்தேன் என்ற ரப்பரைத் திரவமாக ஊற்றி, இறுகிய பிறகு சுவரைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டால் பிளாஸ்டிக்குக்கு நடுவே ரப்பர் மூட்டு நிற்கும். தனி அச்சு தேவையில்லை, ஒட்டும் பசையும் தேவையில்லை. ரப்பர் பிளாஸ்டிக்கின் பொந்துகளுக்குள் புகுந்து தானாகக் கவ்விக்கொள்கிறது. இத்தனை வருடம் அச்சு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அச்சையே பொருளின் பாகமாக்கி, பிறகு அறுத்தெறிவது நல்ல யோசனை. எங்கள் காலத்தில் அப்படி நினைக்க வழியில்லை, அச்சுக்கு ஆகிற செலவு அப்படி.

மூட்டுக்கு பிஎம்சி-780 என்ற விறைப்பான யூரித்தேனும், விரல் பஞ்சுக்கு வைட்டாஃப்ளெக்ஸ் 30 என்ற மென்மையானதும் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது இரண்டுக்கு ஒன்று விகிதம், இரண்டாவது சரிபாதி. எடைத்தராசு இல்லாமல் கண்ணளவில் கலந்தால் ஓரிடம் பிசுபிசுப்பாக, ஓரிடம் கட்டையாக வரும். மூட்டு ரப்பர் முழுதாக இறுக இரண்டு நாள் விட வேண்டும். யூரித்தேனுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் ஊற்றினால் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளே குமிழ் விடும். குமிழ் உள்ள மூட்டு நன்றாகத்தான் மடங்கும், சில நாள் கழித்து அந்தக் குமிழிலிருந்தே கிழியும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்றை வாக்குவம் பம்பாக மாற்றி, கலவையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்த பிறகு ஊற்றினோம். யேல் கொடுத்திருக்கும் கையேட்டில் படம் படமாகப் போட்டு விளக்கியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதியவர்கள் யேல் இருக்கும் நியூ ஹேவனில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஊற்றியவர்கள், நம் ஊர் ஐப்பசி அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அடுத்த தொல்லை அங்குலக் கணக்கு. பாகப் பட்டியலில் பின்களும் திருகுகளும் அமெரிக்க அளவில் இருக்கின்றன. எம்3 திருகு என்றால் எங்கள் ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கைப்பிடி அள்ளிக் கொடுப்பார்கள். அங்குலத் திருகு தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. வடிவமைப்புக் கோப்பையே கொடுத்திருப்பதால் துளைகளை மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டோம். அவர்கள் மூடி வைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நரம்புக்கு அவர்கள் சொல்வது மீன்பிடிக்கிற பின்னல் நூல். தூண்டில் கடைகளில் நைலான் நரம்பு கிடைக்கும், அது வேண்டாம், இழுத்தால் நீளும். பாலிஎத்திலீன் இழையைப் பின்னிச் செய்தது வேண்டும். நீளாது, மெல்லியது, பயங்கர வலு. ஆனால் வழுவழுப்பானது. சாதாரண முடிச்சு நிற்காது, அவிழ்ந்துகொண்டே வரும். தூண்டில்காரர்கள் போடுகிற இரட்டைச் சுற்று முடிச்சு தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது. இன்னொரு பிரச்சினை, நரம்பு பிளாஸ்டிக் துளை வழியாக வளைந்து போகும் இடத்தில் ரம்பம் மாதிரி அறுக்கிறது. அந்த வளைவுகளில் எல்லாம் ஸ்டீல் பின் போட்டுவிட்டோம். போட்ட பிறகு இழுப்பும் லேசானது, உராய்வில் வீணாகிற சக்தி குறைந்ததால் நுனியின் பிடியும் கூடியது.

பணம் போகிற இடம் மோட்டார். கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனம் செய்யும் டைனமிக்செல் எம்எக்ஸ்-28. 72 கிராம் எடை, 12 வோல்ட்டில் அதிகபட்சம் 2.5 நியூட்டன் மீட்டர் முறுக்கு, ஒரு சுற்றுக்கு 4096 படி அளந்து சொல்லும். ப்ளாஸ்டிக், ரப்பர், நூல், திருகு எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு மோட்டார் விலைக்குப் பக்கத்தில் வராது. இதில் பெயர் டி (T) என்று முடிவது மூன்று கம்பி, ஆர் (R) என்று முடிவது நான்கு கம்பி. பெட்டியை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நாங்கள் மூன்று கம்பி வகை கேட்டிருந்தோம், விற்பனையாளர் நான்கு கம்பியை அனுப்பிவிட்டு, பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே, திரும்ப எடுக்க முடியாது என்று வாதாடினார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் போன பிறகுதான் மாற்றிக்கொடுத்தார். மோட்டார் மேல் குற்றமில்லை, நல்ல மோட்டார். ஆனால் வாங்கும்போது கடைசி எழுத்தை உரக்கப் படித்துக் காட்டி வாங்குங்கள்.

ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. விரல் பொருளை அழுத்திக்கொண்டு நிற்கும்போது மோட்டார் நகர முடியாமல் முக்கிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் சுமை கூடிவிட்டது என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டி, முறுக்கை விட்டுவிடும், கை திறந்துகொள்ளும். முறுக்கு வரம்பைக் குறைத்து வைத்தால் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனாலும் இதே கதிதான், விரிக்கிற ஸ்பிரிங் ஜெயித்துவிடும், பிடித்திருந்தது கீழே விழும். தலைக்கு மேலே எதையும் தூக்கி நிறுத்தி வேடிக்கை காட்டாதீர்கள்.

சோதனைக்கு யேல், கார்னகி மெலன், பெர்க்லி மூன்றும் சேர்ந்து 2015-ல் ஒரு பொருள் தொகுப்பு வெளியிட்டிருக்கின்றன. உலகம் முழுக்க எல்லா ஆராய்ச்சிக்கூடங்களும் அதே பொருள்களைப் பிடித்துப் பார்த்து முடிவுகளை ஒப்பிடலாம். பிஸ்கட் பெட்டி, டின் இறைச்சி, பிளாஸ்டிக் வாழைப்பழம், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் கேன்டீனில் கிடைத்ததை வைத்துச் செய்தோம்.

எவர்சில்வர் டம்ளர்: அபாரம். ஈரமாக இருந்தாலும், வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் நழுவிக் கீழே இறங்குவதில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறையத் தண்ணீரோடு நிற்கிறது. உரித்த தேங்காய் பிடிபடுகிறது, ஆனால் கையைக் கிடைமட்டமாகத் திருப்பினால் ரப்பர் மூட்டு பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு தேங்காய் தொங்கிப்போகிறது. விரல் மடங்கும் திசையில் மட்டும் இளக்கமாக இருந்து மற்ற திசையில் விறைப்பாக இருக்கிற ரப்பர் எங்கே இருக்கிறது? இதற்காகத்தான் அடிமூட்டுக்கு ரப்பருக்குப் பதிலாக அச்சாணிப் பின்னும் ஸ்பிரிங்கும் போட்ட இன்னொரு வகை விரலையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டியதும் தொங்கல் பெருமளவு குறைந்தது.

அந்த இளக்கத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. ரோபோ கணக்குத் தப்பி விரலை மேசைமேல் குத்திய சமயங்களில் எல்லாம் விரல் வளைந்துகொடுத்துவிட்டு, தூக்கியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது. உலோகத் தாடை (ஜா) வைத்த கிரிப்பராக இருந்தால் ஜா வளைந்திருக்கும், இல்லாவிட்டால் ரோபோவின் மணிக்கட்டு போயிருக்கும். கற்றுக்கொள்கிற பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கை கிடையாது.

முட்டை உடையவில்லை. இட்லியில் இரண்டு விரல் தடம் விழுந்தது, ஆனால் முழுசாகத் தட்டு மாறியது. ஆறின இட்லி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேசையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயம்தான் கையைத் திணறடித்தது. நுனிப்பஞ்சு நாணயத்தின் விளிம்பை அமுக்குகிறதே தவிரக் கீழே நுழைவதில்லை. இதற்கும் யேல்காரர்கள் ஒரு வழி யோசித்திருக்கிறார்கள். நாம் நாணயத்தை எடுப்பது போலவே, ஒரு விரலால் ஒரு விளிம்பை அழுத்தி நிறுத்திக்கொண்டு, நகம் வைத்த இன்னொரு விரலை எதிர் விளிம்புக்கு அடியில் செலுத்திப் புரட்டிக் கிள்ளுவது. நாங்களும் நகம் அடித்து மாட்டினோம். சில சமயம் வந்தது, சில சமயம் நாணயம் சுவரோரம் போய் விழுந்தது. கிள்ளுகிற பிடியில் இந்தக் கைக்கு உள்ள பொதுவான பலவீனம் இது. நுனியும் நுனியும் சந்தித்த பிறகும் நரம்பைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் நுனிமூட்டு உள்பக்கம் சுருள ஆரம்பிக்கும். சுருண்டால் தொடுபுள்ளி நகரும், நகர்ந்தால் பொருள் புளியங்கொட்டையாகத் தெறிக்கும். இழுப்பை எங்கே நிறுத்துவது என்பதில்தான் புரோகிராம் எழுதும் பெண்ணுக்குக் கடைசியில் வேலை கிடைத்தது. அவளும் சமாதானமானாள்.

அவள் செய்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு எம்20 போல்ட்டை நுனிகளில் கிள்ளிக்கொண்டு, ஒரு மோட்டாரை மெல்ல இழுக்கவும் மற்றதை அதே அளவு விட்டுக்கொடுக்கவும் வைத்தாள். போல்ட் கீழே விழாமல் இடமும் வலமும் கைக்குள்ளேயே நகர்ந்தது. ஒரு மோட்டாரை நிலைக் கட்டுப்பாட்டிலும் (சொன்ன இடத்தில் நிற்பது) இன்னொன்றை வெறும் இழுவிசைக் கட்டுப்பாட்டிலும் (சொன்ன அளவு இழுப்பது) வைத்தால் இன்னும் வழுவழுப்பாக நகர்கிறது. விரல்களில் சென்சார் எதுவும் இல்லை, இரண்டு மோட்டார்தான். ஒரே மோட்டார் கொண்ட மாடல் டி-யில் இது நடக்காது. டி42-க்குக் கொடுத்த கூடுதல் மோட்டார் காசு இந்த இடத்தில் செரித்தது.

இனி நான் முதலில் சொன்ன குறை. ஃபிக்ஸ்சரில் நாங்கள் மூன்று-இரண்டு-ஒன்று என்று வைப்போம். அடிப்பரப்பில் 3 புள்ளி, நீளப் பக்கத்தில் 2, முனையில் 1. ஆறு புள்ளியும் சேர்ந்து பொருளின் இடத்தைக் கட்டிப்போடும், அதன் பிறகுதான் கிளாம்ப் வந்து அமுக்கும். முதலில் இடம், பிறகு பிடி. ஆலைகளில் நான் பார்த்த காற்றழுத்த கிரிப்பர்களும் இந்த வழிதான். 6 பார் காற்று, இரண்டு ஜா, அந்தந்தப் பாகத்துக்கென்றே வெட்டிய பள்ளம். பாகம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் மயிரிழை விலகாது. பாகம் மாறினால் ஜாவும் மாற வேண்டும், அதுதான் அதன் கேடு. டி42 இதைத் தலைகீழாக்கியது. எந்தப் பாகம் வந்தாலும் பிடிக்கும், ஆனால் பாகம் எங்கே போய் உட்காருமோ அங்கே உட்காரும். ஒரு ஷாஃப்ட்டைத் தடவைக்குத் தடவை பிடித்து, அதன் முனை எங்கே நிற்கிறது என்று, மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றது, டயலையே ஒரு முழுச் சுற்று தாண்டிய சமயமும் உண்டு. புஷ்ஷுக்குள் ஷாஃப்ட்டை நுழைக்கிற வேலைக்கு இதை நம்ப முடியாது. பெட்டியிலிருந்து கலவையாகக் கிடக்கும் சாமான்களை எடுத்து இன்னொரு பெட்டியில் போடுகிற வேலைக்கு இதுதான் வேண்டும். ஓட்னர் பின்னால் ரைட்ஹேண்ட் ரோபோடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனம் இறங்கியதும் கிடங்கு வேலையில்தான். எந்த வேலைக்கு இந்த மாதிரிக் கை செல்லும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மற்ற மாடல்களைப் பற்றிச் சுருக்கமாக. மாடல் ஓ-வில் மூன்று விரல், நான்கு மோட்டார். விரலுக்கு ஒன்று போக, இரண்டு விரல்களை விரித்துச் சேர்க்க ஒன்று. உருண்டையான பொருளுக்கு அது மேல், மோட்டார் செலவு இரட்டிப்பு. கல்லூரிக்கு டி42 போதும். மென்பொருள் பைத்தான் மொழியிலும், ராஸ் என்ற ரோபோ மென்பொருள் தளத்திலும் இருக்கிறது, புதிய பதிப்புகளோடு ஒத்துப்போக வைக்கப் பிள்ளைகள் கொஞ்சம் சண்டை போட்டார்கள், விவரம் எனக்குப் புரியவில்லை.

கடைசியாக உரிமம். இந்தக் கோப்புகளை யாரும் எடுத்து, மாற்றி, பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டும், வியாபாரத்துக்குக் கூடாது. சிட்கோவில் சின்ன யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையே பத்துப் பதினஞ்சு அடிச்சு காலேஜ் காலேஜா வித்துரலாமுங்களே?" என்றார். விற்க முடியாது என்று சொன்னேன். யேலுக்கு எழுதிக் கேட்கலாம், கொடுத்தால் அவர் அதிர்ஷ்டம். ஆனால் மாணவர்கள் தாங்களே செய்துகொள்ளும்போது ரப்பர் ஊற்றும் பெட்டி, வாக்குவம், துளைகளை மில்லிமீட்டருக்கு மாற்றிய வரைபடம் இவையெல்லாம் பக்கத்துக் கல்லூரிக்கும் தேவைப்படும். அவற்றைக் காசு வாங்காமல் கொடுக்கத் தடையில்லை, நாங்கள் கொடுத்தும் வருகிறோம்.

செய்யப் போகிறவர்கள் பின்-ரப்பர் கலந்த விரலிலிருந்தே தொடங்குங்கள், இரண்டு மூட்டும் ரப்பராக உள்ளதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் ஊற்றுவதைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் விரலுக்குக் கலக்கும்போதே இரண்டு செட்டுக்குச் சேர்த்துக் கலந்துவிடுங்கள், திறந்த டப்பாவில் மிச்சம் வைத்தால் அடுத்த மாதம் அது உதவாது.